விசா யார் கையில்? ஸ்பவுஸ் விசாவில் இருக்கும்போது மணவாழ்க்கை முறிந்தால்

"உன் விசாவை கேன்சல் பண்ணிடுவேன்."

பிரிட்டனுக்கு ஸ்பவுஸ் விசாவில் வந்தவர்களில் பலர் சண்டையின் நடுவில் கேட்டிருக்கிற வாக்கியம் இது. சொல்கிறவர் கணவராக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம். மனைவியின் விசாவில் வந்த மாப்பிள்ளை என்றால் மனைவியாகவும் இருக்கலாம். கேட்கிறவருக்கு அடிவயிறு கலங்கும். நாளைக் காலையே ஹீத்ரோவுக்குக் கூட்டிப்போய் ஏற்றிவிடுவார்களோ என்று தோன்றும்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த அதிகாரம் அவருக்குக் கிடையாது. விசாவைக் கொடுத்தது ஹோம் ஆபீஸ், அதாவது பிரிட்டனின் உள்துறை அமைச்சகம். எடுக்க முடிந்ததும் ஹோம் ஆபீஸ் மட்டும்தான். ரேஷன் கார்டில் பெயர் நீக்குவதுபோல ஒரு படிவத்தைப் போட்டு உங்களை நாட்டிலிருந்து நீக்க வாழ்க்கைத் துணையால் முடியாது. அவரால் முடிந்தது தகவல் கொடுப்பது. அதே தகவலை நீங்களும் கொடுக்கலாம். சொல்லப்போனால் கொடுத்தாகவும் வேண்டும்.

சரி, அப்படியானால் பயமே இல்லையா? அதுவும் இல்லை. உறவு முறிந்தபின் அந்த விசாவில் காலம் முழுக்க உட்கார்ந்திருக்க முடியாது. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று தெரியாததால்தான் பலர் அடங்கிப்போகிறார்கள், அல்லது அவசரப்பட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இந்த விசா எதன் மேல் நிற்கிறது

பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவரையோ, அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவரையோ மணந்து வருகிறவருக்குக் கிடைப்பது ஸ்பவுஸ் விசா. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் முதலில் 33 மாதம். அது முடிவதற்குள் நீட்டித்தால் இன்னொரு 30 மாதம். ஐந்து ஆண்டு நிறைந்ததும் ஐ.எல்.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நம் ஆட்கள் பேச்சில் அதுதான் 'பி.ஆர்.'.

இந்தக் காத்திருப்பு முன்பு இவ்வளவு நீளமாக இல்லை. ஒரு காலத்தில் ஓராண்டுதான். 2003-இல் இரண்டாண்டு ஆனது. 2012 ஜூலை 9 முதல் ஐந்து. அதாவது, துணையின் தயவில் நிற்கவேண்டிய காலம் பத்தாண்டுக்குள் ஐந்து மடங்கு ஆகிவிட்டது. பொய்யான திருமணங்களைத் தடுக்கத்தான் இப்படி என்று அரசு சொன்னது. உண்மையாகக் கல்யாணம் செய்து, உண்மையாகவே கசந்துபோனவர்களும் அதே ஐந்து ஆண்டுக்குள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விசாவில் இருக்கும்போது வேலை செய்யலாம், படிக்கலாம். விண்ணப்பிக்கும்போதே ஆண்டுக்கு 1,035 பவுண்டு என்ற கணக்கில் மருத்துவக் கட்டணம் கட்டியிருப்பதால் ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரையும் என்.எச்.எஸ். என்கிற அரசு ஆஸ்பத்திரியையும் பயன்படுத்தலாம். ஆனால் யுனிவர்சல் கிரெடிட், வீட்டு உதவி, கவுன்சில் வீடு போன்ற அரசு உதவிகள் கிடையாது. இந்த ஒரு நிபந்தனை, வீட்டை விட்டு வெளியேற நினைப்பவரின் கால்களைக் கட்டிப்போடுகிறது. எப்படி என்று பிறகு பார்ப்போம்.

ஒரு முக்கியமான வேறுபாடு. சென்னையிலிருந்து ஐ.டி. வேலைக்கு ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் போனவரின் மனைவி வைத்திருப்பது ஸ்பவுஸ் விசா அல்ல, அவரைச் சார்ந்து வருகிறவருக்கான டிபெண்டண்ட் விசா. மாணவரின் துணை வைத்திருப்பதும் அப்படித்தான். பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'ஸ்பவுஸ் விசா' என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் முறிவு என்று வரும்போது இரண்டுக்கும் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றல்ல. உங்கள் விசா எந்த வகை என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே ஐ.எல்.ஆர். வாங்கிவிட்டீர்கள் என்றால் இந்தக் கவலை உங்களுக்கில்லை. அதன்பின் பிரிந்தாலும் விவாகரத்து ஆனாலும் வசிப்புரிமை போகாது, பொய் சொல்லி வாங்கியிருந்தால் தவிர.

'முறிவு' என்றால் எது

இங்கேதான் நிறையப் பேர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். "இன்னும் டைவர்ஸ் ஆகவில்லையே, அதனால் விசா செல்லும்தானே?" என்பார்கள். ஹோம் ஆபீஸ் பார்ப்பது கல்யாணச் சான்றிதழை மட்டுமல்ல. உறவு உண்மையானதா, இன்னும் நீடிக்கிறதா, இருவரும் சேர்ந்து வாழும் எண்ணத்தோடு இருக்கிறார்களா என்றுதான் விதி கேட்கிறது. ஆகவே நிரந்தரமாகப் பிரிந்த அன்றே விசாவின் அடிப்படை ஆட்டம் கண்டுவிடுகிறது. கோர்ட்டுத் தீர்ப்பு வரும்வரை அது காத்திருப்பதில்லை.

அதற்காக, கோபித்துக்கொண்டு அக்கா வீட்டில் பத்து நாள் தங்கியதெல்லாம் முறிவு ஆகாது. வேலைக்காக ஒருவர் லெஸ்டரிலும் ஒருவர் லண்டனிலும் இருப்பதும் ஆகாது. சண்டை, பேச்சின்மை, பெரியவர்கள் வந்து பஞ்சாயத்து பேசுவது எல்லாம் குடும்பத்தில் உள்ளவைதான். இனி சேர்ந்து வாழப்போவதில்லை என்று இருவரில் ஒருவராவது உறுதியாக முடிவெடுத்த நிலைதான் முறிவு. எந்தத் தேதியில் அது நடந்தது என்று உங்களுக்கே சில சமயம் சொல்லத் தெரியாது. அது இயல்புதான்.

அப்படி முடிந்துவிட்டது என்றால் ஹோம் ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கென்று அரசு இணையதளத்தில் படிவம் இருக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பலாம். குழந்தைகள் உங்களைச் சார்ந்து அதே வகை விசாவில் இருந்தால் அவர்கள் விவரமும் அதில் வரும்.

சிலருக்கு ஒரு யோசனை வரும்: 'ஐந்து ஆண்டு முடிய நாலு மாதம்தானே இருக்கிறது, அதுவரை சேர்ந்து வாழ்வதாகக் காட்டிக்கொள்வோம், அப்புறம் பிரிந்துகொள்வோம்.' துணையும் சரி என்று தலையாட்டியிருப்பார். வேண்டாம். ஐ.எல்.ஆர். விண்ணப்பத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுப் பொய் சொன்னால் அது ஏமாற்று. வெளியே வந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், பின்னால் போடும் விண்ணப்பங்களிலும் அந்தக் கறை தொடரும், கிடைத்த உரிமையைக்கூடப் பறிக்கலாம். அதைவிட, இன்று தலையாட்டிய அதே ஆள் அடுத்த சண்டையில் அந்த ரகசியத்தையே ஆயுதமாக எடுப்பார். பயமுறுத்தலிலிருந்து தப்பிக்க இன்னொரு பயமுறுத்தலுக்கு இடம் கொடுப்பானேன்?

சொன்ன பிறகு என்ன நடக்கும்

தகவல் போன மறுநாளே விசா செத்துவிடாது. ஹோம் ஆபீஸ் அதைப் பரிசீலித்து, உங்கள் விசாவைக் குறைப்பதாகக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பும். பொதுவாக 60 நாள் அவகாசம் கொடுப்பார்கள். விசாவில் மீதியே 60 நாளுக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் அதைத் தொடாமல் தானாக முடியட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்தக் கடிதம் வரும்வரை உங்கள் விசா செல்லும். வேலைக்குப் போகலாம், டாக்டரைப் பார்க்கலாம், வாடகைக்கு வீடு எடுக்கலாம்.

அந்தக் கடிதம் சில வாரங்களில் வரலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். இதை நம்பித் திட்டமிடக்கூடாது. நாள் கணக்கு எப்போது தொடங்கும் என்று தெரியாத ஓட்டப்பந்தயம் இது. ஆகவே தகவல் கொடுப்பதற்கு முன்பே, முடிந்தால், அடுத்து எந்த வழியில் விண்ணப்பிக்கப் போகிறோம் என்று ஒரு வக்கீலிடம் பேசிவிடுவது நல்லது. இதை மறைப்பது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆலோசனை கேட்க ஒரு வாரம் எடுத்துக்கொள்வது மறைப்பது ஆகாது.

முகவரிக்கு வருவோம். சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் இதில் வழுக்கி விழுந்தவர்கள் அதிகம். கடிதம் ஹோம் ஆபீசிடம் உள்ள கடைசி முகவரிக்கோ மின்னஞ்சலுக்கோ போகும். நீங்கள் வீட்டை விட்டு வந்துவிட்டீர்கள், கடிதம் பழைய வீட்டுக் கதவடியில் விழுகிறது, அதை யார் எடுப்பார்கள்? உங்களுக்குக் கிடைக்காவிட்டாலும் கொடுத்ததாகவே கணக்கு. 60 நாள் ஓடி முடிந்திருக்கும். வெளியேறியதும் புதிய முகவரியை ஹோம் ஆபீசுக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்போதெல்லாம் பிளாஸ்டிக் அட்டைக்குப் பதில் ஈ-விசாதான். பழைய அட்டைகள் 2024 டிசம்பர் 31-உடன் காலாவதியாகிவிட்டன. ஈ-விசா இருப்பது ஒரு இணையக் கணக்கில். அந்தக் கணக்கைத் தொடங்கியது யார்? எந்த மின்னஞ்சல், எந்த ஃபோன் நம்பர்? பல வீடுகளில் எல்லாமே கணவருடையது. "நான் பார்த்துக்கறேன், நீ ஏன் அலட்டிக்கறே" என்று அன்பாகச் செய்ததாகவே இருக்கலாம். ஆனாலும் மின்னஞ்சலும் நம்பரும் உங்களுடையதாக இருக்க வேண்டும். வேலைக்கும் வாடகைக்கும் காட்டவேண்டிய ஷேர் கோடு அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. கதவுச் சாவியை அடுத்தவர் பையில் வைத்திருப்பது போலத்தான் இது. கல்யாணம் நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல கணவர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

இந்த விசாக் குறைப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை பொதுவாகக் கிடையாது. உங்கள் சூழ்நிலையில் பிள்ளைகள், உடல்நலம் போன்ற காரணங்கள் இருந்தால் முடிவெடுக்கும் முன்பே அதை ஹோம் ஆபீசிடம் சொல்லி வைக்கலாம். மற்றபடி செய்யவேண்டியது, விசா தீர்வதற்குள் வேறு வழியில் புதிய விண்ணப்பம் போடுவது. காலத்துக்குள் போட்டுவிட்டால், பதில் வரும்வரை பழைய விசாவின் உரிமைகள் தொடரும். ஒரு நாள் தாமதித்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த ஒரு நாளுக்கு அவ்வளவு விலை.

வேறு வழிகள்

பிரிட்டனில் வாழும், பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர உரிமையோ உள்ள 18 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், பெற்றோர் என்ற அடிப்படையில் விண்ணப்பிக்கலாம். குழந்தை உங்களுடன் வாழ வேண்டும், அல்லது முன்னாள் துணையுடன் வாழ்ந்தாலும் நீங்கள் நேரில் சந்தித்து வளர்ப்பில் பங்கெடுப்பதாகக் காட்ட வேண்டும். 'மாதம் ஒருமுறை வீடியோ கால்' போதாது. பள்ளிக்கூடத்துக் கடிதம், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், சனிக்கிழமை நீச்சல் வகுப்புக்கு நீங்கள்தான் கூட்டிப்போகிறீர்கள் என்பதற்கு ஆதாரம் என்று சின்னச்சின்ன காகிதங்கள்தான் அங்கே பேசும். குழந்தையைப் பார்க்கவே விடவில்லை என்றால் குடும்ப நீதிமன்றத்தில் உத்தரவு கேட்கலாம். இந்த வழியில் 30 மாத விசா கிடைக்கும், ஆனால் ஐந்து ஆண்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். துணையாக இருந்த ஆண்டுகள் இதில் சேராது. கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் விலக்குக் கேட்கலாம்.

வேலை வழியாக மாறுவது அடுத்தது. நாட்டுக்குள் இருந்தபடியே ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு மாற அனுமதி உண்டு. ஆனால் உரிமம் பெற்ற முதலாளி ஸ்பான்சர் செய்ய வேண்டும், 2025 ஜூலை 22 முதல் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு, வேலையும் பட்டப்படிப்புத் தரத்தில் இருக்க வேண்டும். ஐ.டி.யில் நல்ல வேலையில் இருப்பவருக்கு இது சாத்தியம். ஈஸ்ட் ஹாமில் மளிகைக் கடையில் பில் போடுகிறவருக்கு இல்லை. இதிலும் நிரந்தர உரிமைக்கான கணக்கு புதிதாகவே தொடங்கும்.

பிள்ளையும் இல்லை, பெரிய சம்பளமும் இல்லை என்றால் 'தனிவாழ்வு' என்ற வழி இருக்கிறது. பெரியவர்கள் அதற்கு இருபது ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது சொந்த நாட்டில் மறுபடி வாழ்க்கை தொடங்க மிகப் பெரிய தடைகள் இருப்பதாக நிரூபிக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு முன்புதான் திருச்சியிலிருந்து வந்தவர் இதை நிரூபிப்பது கடினம். 'ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பது நமக்குப் பெரிய தடை. ஹோம் ஆபீஸ் அதை அவ்வளவு எளிதில் ஏற்காது. இலங்கைக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சுபவரின் கதை வேறு. அது அகதிச் சட்டம், அதற்குத் தனி ஆலோசனை வேண்டும்.

துணை இறந்துபோனால்? அது முறிவு அல்ல. ஐந்து ஆண்டு முடியாவிட்டாலும் உடனே நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்கத் தனி விதி உண்டு. துக்கத்தில் இருப்பவரிடம் இதை யாராவது ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வன்முறையால் முறிந்தால் கணக்கே வேறு

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். மணவாழ்க்கை முறிந்ததற்குக் காரணம் வீட்டு வன்முறை என்றால், ஸ்பவுஸ் விசாவில் இருப்பவர் ஐந்து ஆண்டு காத்திருக்காமல் நேராக நிரந்தர உரிமை கேட்கலாம். வந்து ஆறு மாதமே ஆகியிருந்தாலும் கேட்கலாம். வருமானக் கணக்கு இல்லை, ஆங்கிலத் தேர்வு இல்லை, 'லைஃப் இன் தி யூகே' பரீட்சையும் இல்லை.

இது சும்மா கிடைத்ததல்ல. அடி தாங்காமல் வெளியே வந்தால் நாடு கடத்தல், பயந்து உள்ளேயே இருந்தால் அடி என்று தெற்காசியப் பெண்கள் மாட்டிக்கொண்டு தவித்தபோது, லண்டனில் 1979-இல் தொடங்கிய சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற பெண்கள் அமைப்புகள் ஆண்டுக்கணக்காகப் போராடின. 1999-இல் ஒரு சலுகையாக வந்தது, 2002-இல் விதியானது. கையில் காசில்லாதவர்களுக்கான தற்காலிக உதவி 2012 ஏப்ரலில் சேர்ந்தது. நம் மாதிரியான வீடுகளிலிருந்து வந்த பெண்கள் பேசத் துணிந்ததால் உண்டான சட்டம் இது.

வன்முறை என்றால் கைநீட்டுவது மட்டும் அல்ல. 2021-ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைச் சட்டம் பொருளாதார ஒடுக்குமுறையையும், ஆளைக் கட்டுக்குள் வைப்பதையும் சேர்த்தே வரையறுக்கிறது. சம்பளத்தை முழுதாகப் பிடுங்கிக்கொள்வது, பாஸ்போர்ட்டை ஒளித்து வைப்பது, அம்மாவுக்கு ஃபோன் செய்யக்கூட அனுமதி கேட்க வைப்பது, நகை பத்தவில்லை என்று இன்னும் குத்திக்காட்டுவது, 'விசாவை கேன்சல் பண்ணிடுவேன்' என்று திரும்பத்திரும்ப மிரட்டுவது எல்லாம் இதில் வரும். கொடுமை செய்வது கணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாமனார், மாமியார், நாத்தனார் செய்து அதனாலேயே மணவாழ்க்கை முறிந்தாலும் கணக்கில் எடுப்பார்கள். ஆணும் கேட்கலாம்.

ஆதாரம்? போலீஸ் கேஸ், தண்டனை இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஜி.பி.யிடம் சொல்லியிருந்தால் அந்தப் பதிவு, காப்பகத்தின் கடிதம், சமூகப் பணியாளரின் அறிக்கை, நீதிமன்றத் தடையுத்தரவு, வாட்ஸ்அப் செய்திகள், படங்கள், உங்கள் வாக்குமூலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தோன்றுகிறதா என்றுதான் முடிவெடுப்பார்கள். 'குடும்ப விஷயத்தை டாக்டரிடம் எப்படிச் சொல்வது' என்று கூச்சப்படாதீர்கள். அன்று அவர் கம்ப்யூட்டரில் தட்டிய இரண்டு வரி, ஓராண்டு கழித்து உங்களைக் காப்பாற்றும் காகிதமாகலாம்.

இப்போது அந்த அரசு உதவி இல்லாத நிபந்தனைக்கு வருவோம். கையில் காசில்லாமல், குழந்தையோடு வெளியேறுகிறவர் எங்கே தங்குவார்? காப்பகத்துக்கும் வாடகை உண்டு. பெரும்பாலும் அது வீட்டு உதவித் தொகையிலிருந்துதான் கட்டப்படுகிறது. இதற்காகத்தான் வீட்டு வன்முறைக்கு ஆளான குடியேறிகளுக்கான எம்.வி.டி.ஏ.சி. என்ற சலுகை. 2024 பிப்ரவரிவரை இதை டி.டி.வி.சி. என்பார்கள். கட்டணம் இல்லை. கிடைத்தால் மூன்று மாத விசா, அந்த மூன்று மாதமும் அரசு உதவி வாங்கலாம், வேலையும் செய்யலாம்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. அந்த மூன்று மாத விசா வந்ததும் உங்கள் பழைய விசா போய்விடும். இரண்டு ஆண்டு மீதி இருந்தாலும் சரி, அது அவ்வளவுதான். அந்த மூன்று மாதத்துக்குள் நிரந்தர உரிமைக்கான விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். ஆகவே சொந்தச் சம்பளத்தில் சமாளிக்க முடிகிறவர் இந்தச் சலுகையைத் தொடாமல் நேராகவே நிரந்தர உரிமைக்குப் போடுவது நல்லது. அந்த விண்ணப்பத்தின் கட்டணம் 2025 ஏப்ரலில் 3,029 பவுண்டு ஆனது. கட்ட முடியாத நிலையில் இருப்பவர் கட்டாமலே விண்ணப்பிக்க வழி உண்டு.

டிபெண்டண்ட் விசாவில் இருப்பவர்களை முன்பே குறிப்பிட்டேன். 2024 முதல் வேலை விசா, மாணவர் விசா வைத்திருப்பவர்களின் துணைகளும் அந்த மூன்று மாதச் சலுகையைக் கேட்கலாம். ஆனால் அதற்குப் பிறகு நிரந்தர உரிமை என்ற கதவு அவர்களுக்குத் திறப்பதில்லை. மூன்று மாதம் மூச்சு வாங்கிக்கொண்டு வேறு வழி பார்க்க வேண்டியதுதான். அடி ஒன்றாக இருக்கும்போது விசா வகையைப் பார்த்துப் பாதுகாப்பை அளப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சட்டம் இப்போதைக்கு அப்படித்தான். அகதியாக ஏற்கப்பட்டவரின் துணையாக வந்தவர்கள் நிரந்தர உரிமைப் பக்கத்தில் சேர்கிறார்கள். இலங்கைத் தமிழர் குடும்பங்களில் பலருக்கு இது பொருந்தும்.

இன்னொரு கொடுமை. "ரொம்ப நாளாச்சு, அம்மாவைப் பார்த்துட்டு வா" என்று டிக்கெட் போட்டு ஊருக்கு அழைத்துப்போவார்கள். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, கணவர் மட்டும் திரும்பிவிடுவார். பிறகு ஃபோன் எடுக்க மாட்டார். சில சமயம் குழந்தையையும் கொண்டுபோய்விடுவார். பல ஆண்டுகள் இப்படிக் கைவிடப்பட்டவர்களுக்கு இந்த விதியில் இடமே இல்லாமல் இருந்தது, ஏனென்றால் விண்ணப்பிக்க பிரிட்டனில் இருக்க வேண்டியிருந்தது. 2022-இல் லண்டன் உயர் நீதிமன்றம் இது பாரபட்சம் என்றது. 2024 ஜனவரி 31 முதல், வெளிநாட்டில் கைவிடப்பட்டவரும் அங்கிருந்தே நிரந்தர உரிமையோடு திரும்ப விண்ணப்பிக்கலாம். ஊரில் முடங்கிக் கிடக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்த ஒரு செய்தியைச் சொல்லுங்கள். பயணம் சந்தேகமாகப் பட்டால் கிளம்பும் முன்பே பாஸ்போர்ட், விசா விவரம், கல்யாணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் படமெடுத்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள்.

உடனடி ஆபத்து என்றால் 999. பேச முடியாத நிலையில் மொபைலில் 999 அழுத்தி, கேட்கும்போது 55 அழுத்தினால் போலீசுக்கு இணைப்பார்கள். தேசிய வீட்டு வன்முறை உதவி எண் 0808 2000 247. இலவசம், நாள் முழுக்க உண்டு. தமிழில் பேச வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.

விவாகரத்தும் விசாவும் தனித்தனி தண்டவாளம்

விசா முடிவது விவாகரத்துக்குத் தடையில்லை, விவாகரத்து நடப்பது விசாவைக் காப்பாற்றவும் செய்யாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் 6 முதல் யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கல்யாணமாகி ஓராண்டு ஆகியிருந்தால் ஒருவரே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்து 20 வாரம் கழித்து முதல் உத்தரவுக்குக் கேட்கலாம். அது வந்து 6 வாரம் ஒரு நாள் கழித்து இறுதி உத்தரவுக்குக் கேட்கலாம். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்டம் வேறு.

வீடு கணவர் பெயரில் மட்டும் இருந்தாலும், கல்யாண உறவு சட்டப்படி இருக்கும்வரை அதில் வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. 1996-ஆம் ஆண்டின் குடும்பச் சட்டம் அதைத் தருகிறது. 'என் வீடு, வெளியே போ' என்பது செல்லாது. ஆனால் வீடு மாமனார் பெயரில் இருந்தால் இந்த உரிமை இல்லை. கூட்டுக் குடும்பமாக வாழும் நம்மவர்களுக்கு இது முக்கியம்.

குழந்தையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் பறந்துவிடலாம் என்று தோன்றும். மற்ற பெற்றோரின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் அப்படிச் செய்வது 1984-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம் ஆகலாம். அவர் செய்தாலும் அதே கதைதான். அவர் செய்யக்கூடும் என்று பயமிருந்தால் முன்கூட்டியே தடையுத்தரவு வாங்குங்கள். குழந்தை கடத்தல் தொடர்பான ஹேக் ஒப்பந்தத்தில் இலங்கை இருக்கிறது, இந்தியா இல்லை. அதனால் இந்தியாவுக்குப் போய்விட்ட குழந்தையைத் திரும்பக் கொண்டுவருவது இன்னும் கடினம்.

அப்புறம், இங்கிலாந்தில் கிடைக்கும் விவாகரத்து இந்தியாவில் செல்லுமா? நாகர்கோவிலில் இந்து முறைப்படி கல்யாணமானவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்து திருமணச் சட்டத்தில் 'சேர்ந்து வாழ முடியவில்லை' என்பது மட்டும் ஒரு காரணம் ஆகாது. நரசிம்மராவ் எதிர் வெங்கடலட்சுமி வழக்கில் 1991-இல் இந்திய உச்ச நீதிமன்றம், எந்தச் சட்டப்படி கல்யாணமானதோ அந்தச் சட்டம் ஏற்காத காரணத்துக்காக, ஒரு தரப்பு மனமொப்பிப் பங்கேற்காமல் வாங்கிய வெளிநாட்டுத் தீர்ப்பை ஏற்க முடியாது என்றது. மறுதரப்பு சம்மதித்தால் நிலை மாறும். அதனால் லண்டனில் டைவர்ஸ் ஆகிவிட்டது என்று ஊரில் மறுமணத்துக்கு மண்டபம் பார்க்கும் முன், இரண்டு நாட்டுச் சட்டமும் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் ஒரு நாட்டில் தனியாள், இன்னொரு நாட்டில் கல்யாணமானவர் என்ற விசித்திர நிலை வரும்.

நீதிமன்றத்திலிருந்து விவாகரத்து மனு உங்களுக்கு வந்தால் 14 நாளுக்குள் பதில் போட வேண்டும். பதில் போடாமல் இருந்தால் வழக்கு நின்றுவிடும் என்பது ஊர்க் கணக்கு. அங்கே அது நீங்கள் இல்லாமலே நகரும்.

யாரிடம் கேட்பது

கோயிலில் பார்க்கும் அண்ணன், முன்பு இதே மாதிரிப் பிரிந்த தோழி, ஃபேஸ்புக் குழுவில் நாலு பேர். ஆறுதலுக்கு அவர்களிடம் பேசுங்கள், விசா ஆலோசனைக்கு வேண்டாம். பிரிட்டனில் உரிமம் இல்லாமல் குடிவரவு ஆலோசனை தொழிலாகக் கொடுப்பதே குற்றம். ஒன்று சொலிசிட்டர், பாரிஸ்டர் போன்ற வழக்கறிஞராக இருக்க வேண்டும், அல்லது இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். 2025 தொடக்கம்வரை அந்த அமைப்பின் பெயர் ஓ.ஐ.எஸ்.சி. பெயரை அவர்கள் இணையதளத்தில் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. "ஹோம் ஆபீஸில் எனக்கு ஆள் இருக்கு" என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டு வன்முறை அடிப்படையிலான நிரந்தர உரிமை விண்ணப்பத்துக்கு, வருமானம் குறைவாக இருந்தால், அரசு செலவில் சட்ட உதவி கிடைக்கும். பெரும்பாலான குடிவரவு விஷயங்களுக்கு அது கிடையாது. இதற்கு உண்டு. முதல் சந்திப்புக்குப் போகும்போது பாஸ்போர்ட், ஈ-விசா விவரம், கல்யாணச் சான்றிதழ், பிரிந்த தேதியும் நடந்தவையும் வரிசையாக எழுதிய ஒரு காகிதம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். தேதிகள் துல்லியமாக நினைவில்லை என்றால் 'அந்த வருடம் தீபாவளிக்கு மறுவாரம்' என்று எழுதினாலும் போதும், வக்கீல் நாள்காட்டி பார்த்துக்கொள்வார்.